உருண்டு வந்த உவர்ச்செடி

அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் காட்டும் பழைய திரைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஆளரவமற்ற தெரு, பூட்டிய கதவுகள், புழுதி கிளப்பி வீசும் காற்று. அந்தக் காற்றில் காய்ந்து சருகான ஒரு முட்பந்து உருண்டு உருண்டு தெருவைக் கடந்து போகும். அந்த மண்ணுக்கே உரிய ஆதிச் செடி அது என்றே பார்ப்பவர் கருதுவர். அமெரிக்கர்களிலும் பலர் அவ்வாறே கருதி வருகின்றனர். உண்மையோ வேறு. 1870க்கு முன் அந்தச் செடி அமெரிக்க மேற்கில் அறியப்படாதது. கடல் கடந்து, விதை மூட்டைக்குள் ஒளிந்து வந்து குடியேறிய அந்நியச் செடி அது.

அது எங்கிருந்து வந்தது, எப்படி அடையாளம் காணப்பட்டது, அதற்கு எத்தனை பெயர்கள் சூட்டப்பட்டன என்பதை ஆராயப் புகுந்தால், வரலாறு நம்மை அரபு நாட்டுச் சவுக்காரப் பட்டறைகள் வரை அழைத்துச் செல்கிறது. ஆகவே இக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அரபு மொழி தந்த பெயர்

இச்செடியின் தாவரவியல் பெயர் சல்சோலா. உப்புடையது என்னும் பொருள் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு செடிக்குச் சல்சோலா கலி என்று பெயரிட்டார். நாம் கூறவந்த முட்செடிக்குச் சல்சோலா டிராகஸ் என்ற பெயரை 1756இல் வழங்கியவரும் அவரே. முன்னதில் உள்ள 'கலி' என்ற சொல் அரபு மொழிக்குரியது.

உவர் நிலத்தில் வளரும் சில செடிகளை அறுத்து, உலர்த்தி, எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் 'அல்-கலீ' என்றனர். வறுத்தல் எனப் பொருள்படும் வினைச்சொல்லின் அடியாகப் பிறந்தது இச்சொல். மருத்துவ மேதை அர்-ராஸீ தம் இரசாயன நூலில் உப்புகளை வகைப்படுத்தியபோது கலீ உப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். காரத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் இன்று வழங்கும் 'அல்கலி' என்னும் சொல் அரபியர் அளித்த கொடையே. 1807இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த பொட்டாசியம் என்ற தனிமத்தை இரசாயனத்தார் 'கே' என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பதை நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். அந்த எழுத்து 'காலியம்' என்பதன் முதலெழுத்து. காலியமோ கலீயின் வழிவந்தது. ஓர் உவர்ச்செடியின் சாம்பல் உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற விதம் இது.

இச்சாம்பலுக்கு அந்நாளில் பெரும் மதிப்பு இருந்தது. பாலஸ்தீனத்தின் நாபுலுஸ் நகரத்துச் சவுக்காரப் பட்டறைகளுக்கு யோர்தான் ஆற்றின் கிழக்கேயிருந்து பதவியர் ஒட்டகங்களின் மீது சாம்பல் மூட்டைகளை ஏற்றி வந்தனர். அச்சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து காரநீர் இறக்கி, ஆலிவ் எண்ணெயுடன் கொப்பரையில் காய்ச்சியே புகழ்பெற்ற நாபுலுஸ் சவுக்காரம் ஆக்கப்பட்டது. ஹலபு நகரத்துச் சவுக்காரமும் இத்தகையதே. இவ்விரு நகரங்களின் சவுக்காரக் கலையையும் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2024ஆம் ஆண்டு மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர்களும் சிரியாவிலிருந்து கப்பலேறி வந்த செடிச் சாம்பலைக் கொண்டே தெளிந்த கண்ணாடியை வார்த்தனர். ஸ்பெயின் நாட்டில் இவ்வகைச் செடிகளை வயலிலிட்டுப் பயிரிடவும் செய்தனர். 1791இல் நிக்கலஸ் லெப்ளாங்க் என்னும் பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்தே சோடாக் காரம் எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அம்முறை பரவப் பரவச் செடிச் சாம்பலின் வணிகம் நலிந்தது.

கலீ என்பது ஒரே ஒரு செடியின் பெயரன்று. சாம்பலுக்குப் பயன்பட்ட பல உறவுச் செடிகளுக்கும் பொதுவான பெயர். அமெரிக்காவுக்குச் சென்றது அக்குடும்பத்தின் ஓர் உறுப்பு. நம் கடற்கரையோரத்து உப்பளங்களில் தழைக்கும் உமரியும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே. உமரி இனங்களுள் சிலவற்றுக்கு வழங்கும் சுவேதா என்னும் தாவரவியல் பெயரும் அரபுச் சொல்லிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே உமரிக் கீரையை அறிந்த நம் கடலோர ஊர்க் குடும்பங்களுக்கு அமெரிக்க முட்செடி தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

டகோடாவில் விழுந்த விதை

1870களில் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியில் வாழ்ந்த ஜெர்மானிய மொழி பேசும் உழவர் பலர் அமெரிக்காவின் டகோடாப் பிரதேசத்தில் குடியேறத் தொடங்கினர். அங்கு ஆளி விதைப் பயிர் நன்கு விளைந்தது. 1873 அல்லது 1874ஆம் ஆண்டு, இன்றைய தெற்கு டகோடா மாநிலத்தின் பான் ஹோம் வட்டாரத்தில் ரஷ்யாவிலிருந்து தருவிக்கப்பட்ட ஆளி விதை தூவப்பட்டது. அவ்விதையுடன் கலந்து கிடந்தது இந்த முட்செடியின் விதை.

முதற் சில ஆண்டுகள் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அறுவடைக் காலங்களில் குதிரைகளின் கால்களில் முள் தைத்து இரத்தம் கசிந்தது. கோதுமை வயல்களுக்கு நடுவே முட்புதர்கள் எழுந்தன. காற்றில் உருண்டு வந்த சருகுப் பந்துகள் வேலிக் கம்பிகளில் சிக்கி மலையெனக் குவிந்தன. புல்வெளித் தீ மூளும்போது எரியும் பந்துகள் தீத்தடுப்புப் பள்ளங்களைத் தாண்டி உருண்டு, தீயைப் புதிய இடங்களுக்குக் கொண்டு சென்றன. நிலத்தைக் கைவிட்டுச் சென்ற உழவர்களும் உண்டு. மாநிலத்தைச் சுற்றி வேலி கட்டிவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது என்றால் அந்நாளைய அச்சத்தின் அளவை நாம் உணரலாம்.

அமெரிக்க வேளாண்மைத் துறை லைஸ்டர் டூயி என்ற இளம் தாவரவியலாரை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது. அவர் இச்செடியின் வரலாற்றையும் அதை ஒழிக்கும் வழிகளையும் விளக்கி எழுதிய அறிக்கை 1894இல் அத்துறையின் தாவரவியல் பிரிவு வெளியிட்ட 15ஆம் ஏடாக வந்தது. பான் ஹோம் வட்டாரத்து ஆளி வயலை ஊற்றுக்கண்ணாக அடையாளங் காட்டியவர் அவரே. காற்று மட்டுமே இதைப் பரப்பவில்லை. சுத்தம் செய்யாத விதை தானியமும், ஊர் ஊராகச் செல்லும் கதிரடிக்கும் இயந்திரங்களும், இரயில் வண்டிகளும் இதைச் சுமந்து சென்றன. 1895ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் லங்காஸ்டர் பகுதியை இது எட்டிவிட்டது. இருபதே ஆண்டுகளில் ஒரு கண்டத்தின் பெரும்பகுதியைக் கடந்த செடி இது.

அடையாளம் காணும் முறை

மக்கள் இதை 'ரஷ்ய முட்செடி' என்று அழைத்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இதை 'திசில்' என்னும் முட்பூச் செடியினத்தில் சேர்த்துவிட்டது. அது பிழை. திசில் அகன்ற இலையும், தலையில் திரண்ட வண்ணப் பூவும் உடையது, சூரியகாந்தியின் உறவு. சல்சோலாவோ நம் கீரைகளின் உறவு. இதன் பூவில் இதழ்களே இல்லை.

இளஞ்செடியைப் பார்ப்பவர் இது பின்னாளில் முள்ளாகும் என்று நம்பமாட்டார். நூல்போல் மெலிந்து, மென்மையாக, நீலம் கலந்த பசுமையில் இலைகள் நீண்டிருக்கும். ஆடுமாடுகள் அதை விரும்பி மேயும். தண்டில் செவ்வூதா நிறக் கோடுகள் நெடுக ஓடும். இதுவே நல்ல அடையாளம். கோடை முற்றியதும் மெல்லிலைகள் உதிர்ந்து, கட்டையான, நுனியில் முள் கூர்ந்த சிற்றிலைகள் தோன்றும். அவற்றின் கக்கத்தில் பூக்கள் ஒளிந்திருக்கும். காய்களைச் சுற்றிச் சவ்வுபோன்ற மெல்லிய சிறகுகள் விரியும். கிளைகள் எல்லாத் திசையிலும் வளைந்து செடி முழுவதும் ஒரு பந்தாகிவிடும்.

அமெரிக்கச் சமவெளியில் உருளும் செடிகள் வேறு சிலவும் உள. கோச்சியா என்பதன் இலை தட்டையானது; மென்மயிர் கொண்டது; முள் இல்லாதது. உருளும் கடுகுக்கு நான்கு இதழ்கொண்ட மஞ்சள் பூவும் நீண்டு மெலிந்த காயும் உண்டு. உருளும் முள்ளிக்கீரை வகையோ வெளிறிய தண்டும் சிறிய முட்டை வடிவ இலையும் கொண்டது. ஆக, உருள்வது ஒரு செடியின் இனத்தைக் காட்டாது. அதன் தொழிலை மட்டுமே காட்டும். நம் கடற்கரை மணலில் காற்றோடு உருண்டோடும் இராவணன் மீசையும் அவ்வாறே விதை பரப்புகிறது. அது புல்லினத்தைச் சேர்ந்தது. சல்சோலாவுக்கு உறவே அன்று.

இச்செடி உருள்வதற்கென்றே இறைவன் வைத்த பொறியமைப்பு வியப்புக்குரியது. விதை முற்றியதும் தண்டின் அடியில் ஒரு வலுக்குறைந்த அடுக்கு உண்டாகிறது. பலத்த காற்று வீசும்போது செடி அந்த இடத்தில் முறிந்து வேரை விட்டு விடுபடுகிறது. செத்த பின்னரே அதன் பயணம் தொடங்குகிறது. ஒரு பெரிய செடியில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கக்கூடும். உருளும் வழியெல்லாம் அவை சிறிது சிறிதாக உதிர்கின்றன. விதைக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. சுருள்வில்லைப் போலச் சுருண்ட முழு நாற்றே உள்ளது. சிறிது ஈரமும் இதமான வெப்பமும் கிடைத்தால் அச்சுருள் விரைவில் அவிழ்ந்து மண்ணில் இறங்கிவிடும்.

ஆனால் இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. அந்த மெல்லிய வேர் கெட்டியான மண்ணைத் துளைக்காது. கிளறிய மண்ணே அதற்கு வேண்டும். மேலும், விதைகளிற் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் உயிருடன் இருப்பதில்லை. இவ்வுண்மையை நோக்குவோமாயின் டகோடாவின் துயரத்துக்கு யார் காரணம் என்பது விளங்கும். நூற்றாண்டுகளாகப் புல் மூடி இறுகிக் கிடந்த சமவெளியில் இச்செடியால் கால் ஊன்றியிருக்க முடியாது. அப்புல்தரையைக் கலப்பைகள் பல்லாயிரக்கணக்கான ஏக்கரில் பெயர்த்துப் போட்டன. இரயில் பாதைக்காக நிலம் வெட்டப்பட்டது. செடி விருந்தாளியாக வந்ததேயன்றி, கதவைத் திறந்து வைத்தது கலப்பை. எனினும் பழி முழுவதும் செடியின் பெயரோடு சேர்ந்து 'ரஷ்ய' என்ற அடைமொழியின் மீதே விழுந்தது. குடியேறி வந்த ஓர் உழவர் கூட்டத்தின் தாயகம் ஒரு களையின் பெயராகி நிலைத்துவிட்டது. வந்தேறிகள் என்ற சொல்லின் கூர்மையை அறிந்த எவரும் இதை எளிதில் கடந்து செல்ல இயலாது.

பெயர் மாறிய கதை

1909இல் ஏவன் நெல்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலார் இதற்குச் சல்சோலா பெஸ்டிஃபர் என்று பெயர் வைத்தார். கேடு கொணர்வது என்பது அதன் பொருள். அறிவியலாரும் கோபத்துக்கு ஆட்படுவர் என்பதற்கு இப்பெயர் சான்று. பின்வந்தோர் சல்சோலா ஐபெரிகா என்றனர். சல்சோலா கலியின் ஒரு கிளை என்றனர். 2007இல் 'கலி' என்பதையே தனியினமாகப் பிரித்தவரும் உண்டு. இறுதியில் லின்னேயஸ் 1756இல் சூட்டிய சல்சோலா டிராகஸ் என்ற பெயரே பெரிதும் நிலைபெற்றது.

கேடு கொணர்வது என்று இகழப்பட்ட செடி, 1930களில் அமெரிக்கச் சமவெளி வறண்டு புழுதிப் புயல் வீசிய ஆண்டுகளில் வேறு முகம் காட்டியது. பயிரும் புல்லும் கருகிய நிலத்தில் இதுவொன்றே பசுமையாக நின்றது. உழவர் முள் முற்றுமுன் இதை அறுத்து உலர்த்திக் கால்நடைகளுக்கு இட்டனர். பல மந்தைகள் பட்டினியிலிருந்து பிழைத்தன. அதே வேளையில் தக்காளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கன்று, சர்க்கரைப் பீட்டு ஆகியவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் தாக்கும் இலைச்சுருட்டு நச்சுநோயைப் பரப்பும் தத்துப்பூச்சிக்கும் இச்செடியே புகலிடமாயிற்று. நன்மையும் தீமையும் ஒரே தண்டில் விளைந்தன.

அடுத்து வந்தது அணுயுகம். நெவாடாப் பாலைவனத்தில் அணுகுண்டுகள் வெடித்துச் சோதிக்கப்பட்ட வெற்றிடங்களில் முதலில் முளைத்தெழுந்த செடிகளுள் இதுவும் ஒன்று. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணுக்கழிவு நிலத்தில் இதன் ஆழ்ந்த வேர்கள் கதிரியக்கப் பொருளை உறிஞ்சிவிடுவதால், அங்கு உருளும் பந்துகளைப் பிடித்துச் சோதித்து அகற்றுவதே ஒரு தனிப்பணியாயிற்று.

ஒன்றென எண்ணியது பல

1970களில் கலிபோர்னியாவில் இச்செடியை அழிக்க இதன் பழைய தாயகப் பகுதிகளிலிருந்து கோலியோஃபோரா என்ற சிற்றந்துப்பூச்சி இனங்கள் இரண்டைக் கொணர்ந்து விட்டனர். பூச்சிகள் நிலைத்து வாழ்ந்தன. செடியும் நிலைத்து வாழ்ந்தது. முயற்சி பலிக்கவில்லை.

பின்னர் மரபணுச் சோதனை வேறொன்றை வெளிப்படுத்தியது. ரஷ்ய முட்செடி என்ற ஒரே பெயரால் கலிபோர்னியாவில் அழைக்கப்பட்டவை உண்மையில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதை 2000ஆம் ஆண்டு ஆய்வாளர் கண்டனர். அவற்றுள் ஒன்று சல்சோலா டிராகஸ். அதன் உயிரணுவில் 36 நிறப்புரிகள். மற்றொன்றுக்கு 18 மட்டுமே. அது இப்போது சல்சோலா ஆஸ்திராலிஸ் எனப்படுகிறது. 1810இல் ராபர்ட் பிரவுன் ஆஸ்திரேலியாவில் கண்டு பெயரிட்ட செடி இது. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டையர் போன்றிருந்தமையால் இது எப்போது வந்தது என்பதைக்கூட எவரும் கவனிக்கவில்லை. ஓரினத்தைத் தாக்கும் பூச்சியோ பூஞ்சையோ மற்றதை அதே வேகத்தில் தாக்குவதில்லை. பகைவனின் பெயரே தெரியாமல் போர் தொடுத்ததை ஒக்கும் இது.

கதை அத்துடனும் முடியவில்லை. இவ்விரண்டும் கலந்து, நிறப்புரிகளும் சேர்ந்து, 54 நிறப்புரிகள் கொண்ட புதியதோர் இனம் கலிபோர்னிய மண்ணிலேயே பிறந்துவிட்டது. 2008இல் அதற்குச் சல்சோலா ரயானி எனப் பெயரிடப்பட்டது. ரிவர்சைடு நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷானா வெல்ஸ், நார்மன் எல்ஸ்ட்ராண்டு ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இப்புதிய செடி தன் பெற்றோர் இருவரையும்விடப் பெரிதாக வளர்கிறது என்று காட்டினர். உலகின் வேறெந்த மூலையிலிருந்தும் இது வரவில்லை. இதை இனி எந்த நாட்டின் பெயரால் பழிப்பது?

2019 டிசம்பர் 31 இரவு வாஷிங்டன் மாநிலத்து 240ஆம் எண் நெடுஞ்சாலையில் பலத்த காற்று வீசியது. உருண்டு வந்த முட்பந்துகள் வாகனங்களையே மூடிக் குவிந்தன. சாலை சுமார் 10 மணி நேரம் அடைபட்டது. பனி அகற்றும் இயந்திரங்களைக் கொண்டு வழி வெட்டினர். புத்தாண்டின் முதல் விடியலைச் சிலர் முட்புதருக்குள் சிக்கிய வாகனங்களில் இருந்தபடியே கண்டனர். 2024 மார்ச்சில் யூட்டா மாநிலத்தின் சவுத் ஜோர்டன் நகரத்து வீதிகளும் வீடுகளும் இவ்வாறே மூடுண்டன. யோர்தான் ஆற்றங்கரைச் செடிச் சாம்பல் நாபுலுஸில் சவுக்காரமான கதையைச் சற்றுமுன் கண்டோம். அதன் உறவுச் செடி, அதே ஆற்றின் பெயர் தாங்கிய ஊரில் கதவுகளை அடைத்து நின்றது.

அரபியர் இக்குடும்பத்துச் செடிகளை எரித்து உலகுக்குத் தூய்மையும் கண்ணாடியும் ஒரு சொல்லும் தந்தனர். அமெரிக்கர் இதைப் பகையாகவே சந்தித்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை, அவர்கள் பட்ட துன்பம் மெய். ஆனால் நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் தொடுத்த போரில் நேர்ந்த பெரும் பிழை, செடியை நெருங்கிப் பாராமல் ஒரு பெயரைச் சூட்டி, அப்பெயரையே அறிவென்று கொண்டதுதான். 1894இல் வயல்தோறும் ஆராய்ந்து ஊற்றுக்கண்ணைக் கண்ட டூயியும், நூறாண்டு கழித்து நிறப்புரிகளை எண்ணியவர்களும் செய்தது ஒரே பணியே. தண்டின் செங்கோட்டையும் காயின் சிறகையும் உற்றுப் பார்த்து, இது இன்னதென உறுதி செய்த பின்னரே தீர்ப்புக் கூறும் பொறுமை அது. களைக்கு மட்டுமன்றி, காற்றில் அலைப்புண்டு நம் வாசலுக்கு வந்து சேரும் எதற்கும், எவர்க்கும் நாம் அளிக்க வேண்டிய முதல் நீதியும் அதுவேயாகும்.